கணக்கு ஒப்புவியாதவரும் அவர்தம் சுற்றமும்: திருக்குறள், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வழி நல்ல நிருவாகம் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) தமிழரின் தேர்தல் மரபுக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. இவ்வாசிப்பு கல்வெட்டுகளின் முதன்மையான அக்கறையை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பொறுப்பேற்றவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதும், ஒப்புவியாவிடில் அவர்தம் சுற்றத்தாரும் தகுதி இழப்பர் என்பதுமே 921ஆம் ஆண்டு விதியின் தனித்தன்மை. திருக்குறளின் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய அதிகாரங்கள் இதே சிக்கலை வேறொரு நிலையில் நின்று அணுகுகின்றன. இவ்விரண்டையும் எதிரெதிர் வைத்து வாசிப்பதன் வழி, நல்ல நிருவாகம் என்பது ஆளைத் தெரிவதில் முடிவதா, தெரிந்தபின் தொடங்குவதா என்னும் வினா ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடவோலை, வாரியம், கணக்கு, சுற்றம், தெரிந்து வினையாடல், சமூகத் தணிக்கை.

முன்னுரை

தமிழில் நிருவாகம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு சான்றுகளைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன. ஒன்று திருக்குறளின் பொருட்பால். மற்றொன்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாவது தலைவனுக்குரிய பண்புகளின் தொகுப்பாகவும், இரண்டாவது வாக்களிப்பு முறையின் தொன்மைக்குச் சான்றாகவும் காட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே மூச்சில் புகழப்படுவதால், இரண்டுக்கும் இடையேயுள்ள முரண் கவனிக்கப்படாமற் போகிறது. குறள் அரசனை நோக்கிப் பேசுகிறது. கல்வெட்டு ஒரு சபை தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பதிவு செய்கிறது. ஒன்று அறிவுரை, மற்றொன்று விதி. குறளின் செல்வாக்கு கல்வெட்டில் உண்டு எனக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குச் சான்றும் இல்லை. அதிகாரம் பெற்ற ஒருவனை எவ்வாறு நம்புவது என்னும் ஒரே வினாவுக்கு இரண்டும் தரும் வெவ்வேறு விடைகளே இங்கு ஆய்வுக்குரியவை.

குடத்தின் மீது குவிந்த பார்வை

1898இல் கல்வெட்டுத் துறையினரால் படியெடுக்கப்பட்ட இவ்விரு சாசனங்களையும் வெங்கையா விளக்கி வெளியிட்டார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளிவந்த தம் சோழர் வரலாறு, ஆட்சிமுறை குறித்த ஆய்வு நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். திறன்மிக்க அதிகாரிகளும் ஊக்கமுள்ள ஊர்ச்சபைகளும் சேர்ந்து நிருவாகத் தூய்மையில் ஓர் உச்சத்தை எட்டியதாக அவர் பின்னர்ச் சோழர் வரலாற்றில் மதிப்பிட்டது பிற்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பள்ளிப் பாடநூல்களிலும் மேடைகளிலும் அம்மதிப்பீடு மேலும் சுருங்கி, குடம், ஓலை, சிறுவன் என்னும் மூன்று படிமங்களாக எஞ்சியது.

குடவோலையை வாக்களிப்பு எனக் கொள்வதில் அடிப்படையான இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஓலையில் எழுதப்பட்டது வாக்காளரின் விருப்பமன்று, தகுதியுடையவரின் பெயர். ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டன. சபையோர் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டிலிருந்த ஓலைகள் வேறொரு குடத்திலிட்டுக் குலைக்கப்பட்டபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசித்தான். நம்பிமாரும் அதை வாசித்தனர். இங்கே பெரும்பான்மை என்னும் கருத்துக்கு இடமில்லை. நடப்பது சீட்டுக் குலுக்கல். எவர் வரவேண்டும் என்று ஊர் சொல்லவில்லை. எவர் வரக்கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

குடவோலை என்னும் முறை 919இல் தோன்றியதன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக ஆள்கிறார். பாலை வழியில் வீழ்ந்துபட்டவரின் குடரைப் பருந்து வெளியே இழுப்பதற்கு, கயிற்றால் பிணித்த குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து நீக்கி ஓலைகளை வெளியே எடுக்கும் செயல் உவமையாகிறது. கேட்போர் உடனே உணரும் அளவுக்கு அச்செயல் வழக்கில் இருந்திருக்க வேண்டும். அங்கும் புலவரின் கண் தங்குவது தெரிவு செய்யப்பட்டவர் மீதன்று, இலச்சினை குலையாமல் இருக்கிறதா என்னும் சோதனையின் மீதே. முறைகேடு பற்றிய அச்சம் இம்முறையுடன் பிறந்ததாகவே தோன்றுகிறது.

விரித்த ஐந்து விரல்களுக்கு வருவோம். சட்ட வரைவில் ஒருவர் இவ்வளவு நுணுக்கமாக விரல்களைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் விரல்களை மூடிக்கொண்டு ஓலையை மாற்றியிருப்பார் என்பதாகவே இருக்க முடியும். விதியின் ஒவ்வொரு நுணுக்கமும் அதற்கு முன் நிகழ்ந்த ஒரு தவற்றின் சுவடாக இருக்கலாம். கல்வெட்டைப் புகழுரையாக வாசிப்போர் கவனிக்கத் தவறுவது இதையே: ஊர் ஒழுங்காக நடந்தது என்பதற்கன்று, ஊர் ஒழுங்காக நடக்கவில்லை என்பதை ஊரே ஒப்புக்கொண்டது என்பதற்கு இது சான்று.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு திருத்தம்

பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் இயற்றப்பட்ட விதி 14ஆம் ஆட்சியாண்டில் திருத்தப்பட்டது. இரு முறையும் அரசாணையுடன் வந்த அதிகாரி ஒருவர் உடனிருந்தார். ஆகவே முற்றிலும் தன்னாட்சி பெற்ற ஊரின் செயல் என இதைக் கூறவியலாது. ஆனால் திருத்தத்தின் உள்ளடக்கம் ஊரின் நிலைமையிலிருந்து எழுந்ததாகவே தெரிகிறது.

வயது வரம்பு 30 முதல் 60 வரை என்றிருந்தது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, நேர்வழியில் ஈட்டிய பொருள், மூன்றாண்டுகளாக வாரியப் பொறுப்பு வகியாமை முதலியவை தகுதிகளாயின. கல்வி மிகுந்தவர்க்கு நில வரம்பு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. இவை பலரும் எடுத்துரைத்தவை. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

போதிய கவனம் பெறாத மாற்றம் சுற்றத்தைப் பற்றியது. 919ஆம் ஆண்டு விதி, வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய உறவினராயிருப்போரை விலக்குகிறது. அங்கே உறவு ஒன்றே விலக்குக்குப் போதுமான காரணம். முன்னவர் நேர்மையாளரா அல்லரா என்பது பொருட்டன்று. 921ஆம் ஆண்டு விதியோ வேறு கோடு கிழிக்கிறது. முன்பு ஏதேனும் வாரியம் செய்து கணக்கு ஒப்புவியாதிருந்தவரும் அவர்தம் உறவினரும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். அந்த உறவினர் யார் யார் என்பதும் பட்டியலிடப்படுகிறது. தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தார், தந்தையுடன் பிறந்தார், தன்னுடன் பிறந்தார், மாமனார், மனைவியின் உடன்பிறந்தார், உடன்பிறந்தாளின் கணவர், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என நீளும் அப்பட்டியல் குருதி உறவோடு நில்லாமல் கொண்டு கொடுத்த உறவுகள் அனைத்தையும் வளைக்கிறது.

இம்மாற்றத்தின் காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை. எனினும் எண்ணிக்கை ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் 6 பேர் வீதம் என ஆண்டுதோறும் 42 பேர் தேவைப்பட்டனர். ஒரு முறை பொறுப்பு வகித்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டுமெனின், எளிய கணக்கில் 168 பேரேனும் சுழற்சியில் இருந்தாக வேண்டும். அவர்கள் அனைவரும் தம்முள் மணவுறவு கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பொறுப்பு வகித்தவரின் உறவினர் அனைவரையும் விலக்கினால் சில ஆண்டுகளிலேயே குடத்திலிட ஓலை இராது. ஆகவே ஊர் ஒரு தெரிவைச் செய்ய நேர்ந்தது எனக் கருத இடமுண்டு. உறவைக் குற்றமாகக் கருதுவதைக் கைவிட்டு, கணக்கு ஒப்புவியாமையைக் குற்றமாக்கி, உறவை அக்குற்றத்துக்குப் பிணையாக்கியது அது.

இவ்வூகம் ஏற்கப்படாவிடினும் விதியின் விளைவு தெளிவானது. வாரியம் செய்த ஒருவர் கணக்கை இழுத்தடித்தால், அடுத்த குலுக்கலில் தம் பெயர் எழுதப்படாது என அறியும் மைத்துனர் அவர் வாயிலில் வந்து நிற்பார், மருமகன் வருவார், மாமனார் வருவார். ஊர்ச்சபை ஆளனுப்ப வேண்டியதில்லை. மறைப்பதற்குத் துணைநிற்கக்கூடிய அதே சுற்றம் வெளிப்படுத்துவதற்கு நெருக்கடி தரும் சுற்றமாகிறது. குற்றமற்ற உறவினரைத் தண்டிக்கும் இவ்விதி இன்றைய நீதி உணர்வுக்கு ஒவ்வாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊழல் தனிமனிதனின் ஒழுக்கக் கேடாக மட்டும் நிகழ்வதன்று, அது குடும்பத்தின் வழியே பாய்கிறது என்னும் அறிதலில் 921இன் வரைவாளர் பிழைபடவில்லை.

தெளிதலும் ஐயுறலும்: குறளின் இடர்ப்பாடு

திருக்குறளின் 51, 52ஆம் அதிகாரங்கள் ஆளைத் தெரிவது பற்றியவை. 501ஆம் குறளில் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகையால் ஆராய்ந்து தெளியுமாறு கூறப்படுகிறது. பரிமேலழகர் இதனை வடநூலார் கூறும் உபதைகளாக விரித்து, ஒவ்வொன்றுக்கும் அரசன் நிகழ்த்தும் மறைமுகச் சோதனைகளை விவரிக்கிறார். அவ்வுரையின் வழி வாசிக்கும்போது அதிகாரம் ஒரு தேர்வுக்கூடமாகவே காட்சியளிக்கிறது. இக்கால மேலாண்மை நூல்களைக் குறளோடு ஒப்பிடும் கட்டுரைகள் பலவும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. இச்செயலை இக்கருவியால் இவன் முடிப்பான் என ஆராய்ந்து அதை அவனிடம் விடுக என்னும் கருத்துடைய 517ஆம் குறளை எடுத்துக்காட்டியதும் ஒப்பீடு நிறைவடைந்ததாகக் கருதப்படுகிறது.

ஆனால் அதே அதிகாரத்தின் 514ஆம் குறள் இத்தேர்வின் நம்பகத்தன்மையையே அசைக்கிறது. எவ்வளவு வகையால் ஆராய்ந்து தெளிந்தபோதிலும், செயலில் இறங்கியபின் அதன் வகையால் வேறுபட்டுப்போகும் மாந்தர் பலர் என்கிறது அது. சிலர் என்னாமல் பலர் என்றது கருதத்தக்கது. பதவிக்கு முன் இருந்த ஆளும் பதவியில் அமர்ந்த ஆளும் ஒருவரல்லர். முன்னவரைச் சோதிப்பது பின்னவரைப் பற்றி உறுதி எதையும் தாராது. 501இல் கட்டியெழுப்பப்பட்ட சோதனை முறை முழுவதும் இந்த ஒரு குறளில் ஆட்டங்காண்கிறது.

இதற்கு வள்ளுவர் காணும் தீர்வு யாது? இவ்விடத்தில்தான் அதிகாரம் இரு திசைகளில் இழுபடுகிறது. தெளிந்தவனிடம் ஐயுறுதல் தீராத துன்பம் தரும் என்கிறது 510. செயலில் முனைந்து நிற்பவனின் உரிமையை வேறாக நினைக்கும் தலைவனை விட்டுத் திரு நீங்கும் என்கிறது 519. எனவே, தேர்ந்தபின் ஐயுறாதிருத்தல் கடமை. அதை அடுத்தே வரும் 520ஆம் குறளோ வினைசெய்வானை அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது. அவன் கோணாதிருந்தால் உலகம் கோணாது. ஐயுறாமல் நாள்தோறும் ஆராய்வது எங்ஙனம்?

இம்முரணைச் சொற்பொருளால் தீர்த்துவிடலாம் எனத் தோன்றும். ஐயுறல் மனநிலை, நாடுதல் செயல் எனப் பிரிக்கலாம். வினைசெய்வான் ஒருவனை ஆராய்ந்தால் அவன்வழிப்பட்ட உலகம் முழுவதையும் ஆராய்ந்ததாகும் என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் எழுதுவது நாடுதலை ஒரு வழக்கமான கடமையாக்குகிறது. ஆயினும் அரண்மனையில் அரசன் ஒருவனே ஆராய்பவனாக இருக்கும்வரை, ஆராயப்படுபவன் தன்மீது ஐயம் விழுந்ததாகவே கொள்வான். இன்று ஆராயப்பட்டவன் நேற்று ஏன் ஆராயப்படவில்லை, பக்கத்து இருக்கைக்காரன் ஏன் ஆராயப்படவில்லை என்னும் வினாக்கள் எழும். அலுவலகம் எதிலும் பணியாற்றியவர்க்கு இது விளக்க வேண்டாத அனுபவம். ஆராய்ச்சி தனிமனித விருப்பத்தில் தங்கியிருக்கும்போது, அது நடந்தாலும் அவமதிப்பு, நடவாதிருந்தாலும் கேடு.

உத்திரமேரூர் விதி இச்சிக்கலை அறியாமலேயே அவிழ்க்கிறது. அங்கே 360 நாள் முடிந்ததும் வாரியத்தார் அனைவரும் இறங்க வேண்டும். அனைவரும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எவரும் ஐயுறப்படவில்லை, ஏனெனில் எவரும் விலக்கப்படவில்லை. குற்றம் வெளிப்பட்டவர் இடையிலேயே நீக்கப்படுவார் என்பது தனி விதி. நேர்மையாளருக்கும் அல்லாதவருக்கும் பொதுவான நாளில் கணக்குக் கேட்கப்படும்போது, கேட்பது இழிவாகாது. 510ஐயும் 520ஐயும் ஒருங்கே நிறைவேற்ற அரசனின் நுண்ணறிவு தேவையில்லை. ஒரு நாட்காட்டி போதும்.

சுற்றம் பற்றியும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்று ஓரிடத்தில் சந்திக்கின்றன. அன்பை ஆதாரமாகக் கொண்டு அறிவற்றாரைத் தெளிதலை 507 பேதைமை என்கிறது. சிறந்தான் என்பதற்காக வினையை ஒப்படைப்பதை 515 மறுக்கிறது. இவை எதிர்பார்க்கத் தக்கவை. எதிர்பாராதது 506. அற்றாரைத் தெளியலாகாது என்னும் அக்குறளில், அற்றார் என்பதற்குச் சுற்றம் இல்லாதவர் எனப் பொருள் கொள்கிறார் பரிமேலழகர். உலகோடு பற்றில்லாதவர் பழிக்கு நாணமாட்டார் என்பது காரணம். அதாவது, ஒருவன் தவறினால் எவர் முகத்தில் விழிக்க வேண்டுமோ அவர்களே அவனுக்குக் காவல். சுற்றத்தின் நாணம் குறளில் உள்ளத்தில் நிகழும் ஒன்று. 921இல் அது தகுதியிழப்பு என்னும் வடிவில் வெளியே வந்து கல்லில் அமர்ந்தது.

கணக்கு எழுதியவன் கடமை

921ஆம் ஆண்டு விதியின் இறுதிப் பகுதி கணக்கரைப் பற்றியது. குடவோலைப் பகுதியை மட்டும் எடுத்துக்காட்டுவோர் இதனைக் கடந்து செல்வது வழக்கம். நேர்வழியில் ஈட்டிய ஒருவரே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். தாம் எழுதிய காலத்துக்குரிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் எனக் கொள்ளப்படும்வரை அவர் மீண்டும் அப்பணியில் அமரலாகாது. இவற்றினும் கூர்மையானது அடுத்த விதி. ஒருவர் எழுதிய கணக்கை அவரே ஒப்புவிக்க வேண்டும். அதை முடித்துவைக்க வேறொரு கணக்கர் புகலாகாது.

நிருவாகத்தில் பொறுப்புக் கரைந்துபோகும் இடம் எது என்பதை இவ்விதியை எழுதியவர் நன்கு அறிந்திருக்கிறார். கோப்பை எழுதியவர் மாற்றலாகிச் சென்றுவிட, அடுத்து வந்தவர் தணிக்கை வினாவுக்கு விடை எழுதும் நிலை எந்த அலுவலகத்துக்கும் புதிதன்று. விடை எழுதுபவருக்கு நடந்தது தெரியாது. நடந்ததை அறிந்தவர் விடை எழுத வேண்டியதில்லை. இவ்விடைவெளியில் எவர் மீதும் குற்றம் நிற்பதில்லை. எழுதிய கையே ஒப்புவிக்கும் கையாக இருக்க வேண்டும் என்னும் விதி அவ்விடைவெளியை அடைத்துவிடுகிறது.

பயிற்சி குறித்தும் ஒரு சொல். ஆண்டு வாரியத்துக்குரிய பன்னிருவர், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களுள் கல்வியாலும் வயதாலும் மூத்தோராக இருக்க வேண்டும். ஏரியின் மதகையும் கரையையும் அறியாதவர் ஊர்ப்பொதுவை நடத்தவியலாது என்பது கருத்து. குலுக்கல் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதாயினும் அதற்கு முன்பும் பின்பும் கண்கள் திறந்தே இருந்தன. வாரியம் என்னும் சொல்லை இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வீட்டுவசதிக்கும் மீட்டெடுத்துக்கொண்டது. சொல் வந்தது, அதனுடன் பிணைந்திருந்த விதி உடன்வரவில்லை.

இன்றைய சட்டத்தில் இதற்கு நெருங்கிய நிகர் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவு, தேர்தல் செலவுக் கணக்கைத் தக்க காரணமின்றி உரிய காலத்திலும் முறையிலும் தாக்கல் செய்யாதவரை மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்ய வழிவகுக்கிறது. கணக்கு ஒப்புவியாமை தகுதியிழப்புக்குக் காரணம் என்னும் அளவில் இது உத்திரமேரூரை நினைவூட்டும். ஆனால் கேட்கப்படும் கணக்கு வேறு. பதவியைப் பெறுவதற்கு என்ன செலவு செய்தார் என்பதே இங்கு வினா. பதவியில் இருந்து என்ன செய்தார் என்பது அங்கு வினா. தேர்தலையே நிருவாகத்தின் உரைகல்லாகக் கொண்டுவிட்ட ஒரு காலத்தின் சட்டம், கணக்கையும் தேர்தலின் கணக்காகவே கேட்பது இயல்புதான். உத்திரமேரூரையும் அதே கண்ணாடியால் பார்த்ததால்தான் குடம் மட்டும் தெரிந்தது.

எவரிடம் கணக்கு

இதுவரை கூறியவை உத்திரமேரூரைப் புகழ்வதற்கு வேறொரு காரணம் தேடித்தந்ததாக முடிந்துவிடலாகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை நிலமுடைய பிராமண ஆடவரின் சபை. வேளாண் ஊர்களின் ‘ஊர்’ என்னும் அவை வேறு. நொபொரு கராஷிமா அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு சிற்றூர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேயத்திலும் வேளாண் ஊரிலும் நிலவுடைமை வேறுபட்டிருந்ததைக் காட்டினார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலுக்குப்பின், சோழர் ஆட்சி குறித்த பழைய ஒற்றைச் சித்திரம் அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஸ்டைனின் கருத்தை மறுப்போரும் அச்சித்திரத்துக்குத் திரும்பவில்லை. ஒரு பிரமதேயத்தின் விதியைத் தமிழக ஊர்கள் அனைத்தின் நடைமுறையாகக் கொள்வது வரலாற்று முறையியலுக்குப் புறம்பானது. தவிர, விதி இருந்தது என்பது விதி நடந்தது என்பதற்குச் சான்றாகாது. கணக்கு ஒப்புவியாமையால் இன்னார் விலக்கப்பட்டார் என்னும் செய்தி இவ்விரு கல்வெட்டுகளிலும் இல்லை.

சபையின் அச்சம் எப்போதும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதற்கு மானூர்க் கல்வெட்டும் சான்று. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த அது, முன்வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் அன்று அன்று எனக் கூறி மறுத்து நிற்போருக்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. இடையூறு செய்வோரை அடக்குவதா, கேள்வி கேட்போரை அடக்குவதா என்பதை அக்காசு பிரித்தறியாது. நல்ல நிருவாகத்தின் விதிகளைத் தொகுப்போர் இவ்விதியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றனர். தவிர்ப்பது நேர்மையன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது கணக்கின் திசை. உத்திரமேரூரில் வாரியத்தார் கணக்கு ஒப்புவித்தது பெருமக்களிடம். அதாவது, நேற்று வாரியம் செய்தவரிடமும் நாளை வாரியம் செய்யப்போகிறவரிடமும். ஏரி வாரியத்தின் முடிவால் நீர் பெற்றவர்களும் பெறாதவர்களும், அந்நிலங்களில் உழைத்தவர்களும் அக்கணக்கைக் கேட்டதற்குக் குறிப்பில்லை. சமமானோர் தம்முள் காட்டிக்கொண்ட கணக்கு அது. ஊரிலுள்ள தீயோர் அழிந்து ஏனையோர் வாழ்வதற்காக இவ்விதி செய்யப்பட்டதாகச் சாசனம் தன் நோக்கத்தைக் கூறுகிறது. அந்த ஏனையோருள் எவரெவர் அடங்குவர் என்பது சபையின் எல்லைக்குள்ளேயே முடிவாகிவிட்டது.

கணக்கின் இத்திசை மாறுவதற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. மாற்றத்தின் தொடக்கம் சட்டமன்றத்தில் நிகழ்ந்ததன்று. இராசத்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் 1994 திசம்பரில் தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. ஊர்ப் பணிகளுக்குரிய மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் கூடியிருந்தோர் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வாசிக்கப்பட்ட பெயர்களுக்கு உரியோரும் அண்டை வீட்டாரும் அங்கேயே அமர்ந்திருந்தனர். தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியபோதும், நாடு தழுவிய சட்டம் 2005இல் வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என விதித்தது.

மத்தியஸ்தன் ஐந்து விரல்களை விரித்து ஓலையை வாசித்ததும் கோட் கிரானாவில் பதிவேடு வாசிக்கப்பட்டதும் புறத்தோற்றத்தில் ஒன்றே: பெயர்கள் பலர் அறிய உரக்கப் படிக்கப்படுகின்றன. முன்னதில் படிக்கப்பட்டது பொறுப்புக்கு வருபவர் பெயர், கேட்டவர் சபையோர். பின்னதில் படிக்கப்பட்டது கூலி பெற்றதாக எழுதப்பட்டவர் பெயர். கேட்டவர் அக்கூலியைப் பெறாதவர்.

தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்ட நாள்கள் 2022இல் நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்கள் புதிதாகச் சேர்ந்தன. நாட்காட்டி இருக்கிறது. அந்நாள்களில் வரவு செலவு வாசிக்கப்படும்போது அதை எழுதியவரே எழுந்து நின்று வாசிக்கிறாரா, வாசிப்பு முடிந்தபின் கையொப்பம் கேட்கப்படுகிறதா முன்பே கேட்கப்படுகிறதா, ஒப்புவிக்கப்படாத கணக்குக்கு உரியவர் அடுத்த பொறுப்புக்கு வரும்போது எவரேனும் அதை நினைவூட்டுகிறாரா என்பவை களஆய்வுக்குரிய வினாக்கள். கல்வெட்டியலாளரும் இலக்கிய ஆய்வாளரும் ஊராட்சி ஆய்வாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய அவ்வாய்வில், வினாப்பட்டியலின் முதல் வரியை 921ஆம் ஆண்டின் கணக்கர் விதியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வரியைக் கோட் கிரானாவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.